பீலித் தண்ணியில் தொடங்கிய பேச்சு உரத் தடையில் போய் நிற்கிறது, என்ன செய்யலாம்?

ஹட்டன்_உயர்தரம்:
எங்கள் தோட்ட லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணியில் ஊற்றும் பிளேன்டீ கறுத்துப் போகிறது, கடைத்தெருக் குழாய்த் தண்ணியில் அதே தூள் நல்ல சிவப்பாக இறங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை கூடும் எங்கள் இரசாயனவியல் குழுவில் இதைக் கேட்டேன். தேயிலை மலைக்குப் போடும் டொலமைட் என்ற கல் தூள் தண்ணியில் இறங்கியிருக்கும் என்றார் ஒரு அண்ணா. அங்கிருந்து 2021 இரசாயன உரத் தடை, அப்புறம் 2015 கிளைபோசேட் களைகொல்லித் தடை, அப்புறம் சம்பளம். சம்பளம் பேச வேண்டிய விஷயம்தான், எங்கள் அம்மாவும் கொழுந்து பறிக்கிறவர். ஆனால் கேள்வி அப்படியே கிடக்கிறது, ஒவ்வொரு வாரமும் இதே கதை. பேச்சை எப்படிப் பிடித்து வைப்பது?

பண்டாரவளை_சேர்:
தங்கச்சி, "ஏன் கறுக்கிறது" என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் வரும், காரணத்துக்குக் காரணம் தேடிப் பேச்சு ஓடிவிடும். "இது காரமா இரும்பா, எப்படிப் பிரித்துப் பார்ப்பது" என்று கேளுங்கள். தண்ணியில் பைகார்பனேட் இருந்தால் பி.எச்., அதாவது அமில-கார அளவு, ஏறித் தேநீர் கறுக்கும். இரும்பு இருந்தாலும் தேயிலையின் துவர்ப்புப் பொருட்களான பொலிபீனோல்களோடு சேர்ந்து மை மாதிரிக் கறுக்கும்.

மஸ்கெலியா_பையன்:
தேசிக்காய் பிழிஞ்சு பாருங்க அக்கா, நிறம் வெளுத்தால் காரம்தான், முடிஞ்சுது.

பண்டாரவளை_சேர்:
தம்பி, அது போதாது. சித்திரிக் அமிலம் இரும்பையும் பிடித்துக்கொள்ளும், அதனால் இரண்டிலுமே நிறம் வெளுக்கலாம். பீலித் தண்ணியை வெள்ளைக் கோப்பையில் ஒரு இரவு திறந்து வையுங்கள், அடியில் செம்மண் நிறத்தில் படிந்தால் இரும்பைச் சந்தேகிக்கலாம். இன்னொரு பங்கைச் சட்டியில் வற்றக் காய்ச்சுங்கள். வெள்ளையாகப் படிந்து, அதில் வினாகிரி விட்டதும் நுரைத்தால் கார்பனேட். நுவரெலியாச் சிவப்புக் கோவா கிடைத்தால் அதன் சாற்றை இரண்டு தண்ணியிலும் விட்டு நிறத்தை ஒப்பிடுங்கள், காரம் கூடிய பக்கம் நீலத்துக்கும் பச்சைக்கும் போகும்.

கொட்டகலை_அக்கா:
டொலமைட் சொன்ன அண்ணாவை நான் குறை சொல்ல மாட்டேன். அது கல்சியம் மக்னீசியம் கார்பனேட், அமோனியம் உரம் போட்டுப் போட்டுப் புளித்த மண்ணைச் சரிக்கட்டத்தான் போடுகிறார்கள், தேயிலைக்கு மண் பி.எச். 4.5 முதல் 5.5 வரை இருந்தால் நல்லது. அதுவரை பேச்சு உங்கள் கோப்பைக்குள்தான் இருந்திருக்கிறது. பீலிக்கு மேலே கவ்வாத்து வெட்டிய, அதாவது செடிகளைக் கத்தரித்து விட்ட, தேயிலை மலை இருக்கிறதா, எப்போது டொலமைட் போட்டார்கள் என்று அந்த இடத்திலேயே ஒருவர் கேட்டிருந்தால் அடுத்த பேச்சும் தண்ணியைப் பற்றியே வந்திருக்கும். உரத் தடைக்கும் சம்பளத்துக்கும் வேறொரு நாள் ஒதுக்குங்கள், அதைப் பேசாதே என்று யாரையும் அடக்கினால் அவர்கள் திரும்பி வரமாட்டார்கள்.
ஒன்றை மட்டும் அப்படிப் பொறுமையாக விடக்கூடாது. கேத்தல் கறை போகப் பிளீச்சையும் வினாகிரியையும் கலக்கச் சொல்லி யாராவது நடுவில் புகுந்தால் உடனே மறியுங்கள், குளோரின் வாயு வரும், லயத்து அறைக்குள் காற்றும் போகாது.

ஹட்டன்_உயர்தரம்:
நன்றி சேர், நன்றி அக்கா. பீலிக்கு மேலே கவ்வாத்து மலை இருக்கிறது, டொலமைட் எப்போது போட்டார்கள் என்று கங்காணி மாமாவிடம் கேட்கிறேன். இன்றிரவே கோப்பையில் தண்ணி வைக்கிறேன், படத்தோடு வருகிறேன்.