ஓரியன் நெபுலாவில் நுண்விவரம் எங்கே தொலைகிறது?

கெடிலக்கரை எழுதியது:
கடலூர் மஞ்சக்குப்பத்தில் மொட்டைமாடியில் இருந்து ஓரியன் நெபுலாவை (ஓரியன் விண்மீன் கூட்டத்திலுள்ள வாயு, தூசி மேகம்) படம் எடுக்கிறேன். கேனான் 1300டி, 70-300 ஜூம் லென்ஸ், 300-இல் எஃப்/5.6, வானம் நகர்வதற்கு ஈடாகக் கேமராவைத் திருப்பும் ஸ்டார் அட்வெஞ்சரர் டிராக்கர், ஒரு படத்துக்கு 2 நிமிடம். படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது டீப் ஸ்கை ஸ்டாக்கர் மென்பொருளில், திருத்துவது சிரில் மென்பொருளில். ஓரியன் நெபுலா நிறத்தோடும் வடிவத்தோடும் வருகிறது, ஆனால் இறக்கைப் பகுதிக்குள் இருக்கும் தூசி மடிப்புகள் எல்லாம் பஞ்சு மாதிரி மழுங்கிக் கிடக்கின்றன. ஷார்ப்பன் பண்ணினால் பின்னணியில் சாய்வாகக் கோடுகள் எழும்புகின்றன, நட்சத்திரங்களைச் சுற்றிக் கறுப்பு வளையம் வருகிறது. நடுவில் இருக்கும் டிரபீசியம் நட்சத்திரக் கொத்து வெறும் வெள்ளை. டெலஸ்கோப் வாங்க இப்போது வழியில்லை. இருப்பதை வைத்து என்ன செய்யலாம்?

வில்லியனூர் வானம் எழுதியது:
தம்பி, ஷார்ப்பனை இப்போது தொடவே வேண்டாம். ஒரே ஒரு ரா படத்தைத் திறந்து நன்றாகப் பெரிதாக்கி நட்சத்திரங்களை மட்டும் பாருங்கள். உங்கள் கேமராவின் பிக்சல் 4.3 மைக்ரான், அதை 206-ஆல் பெருக்கி 300-ஆல் வகுத்தால் ஒரு பிக்சலுக்குக் கிட்டத்தட்ட 3 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியை 3600 பங்காக்கினால் ஒரு பங்கு). காற்றின் கலக்கம் பெரும்பாலும் 2 முதல் 4 ஆர்க்செகண்ட், அதாவது ஒன்றரை பிக்சலைத் தாண்டாது. சிரிலில் நட்சத்திரத்தின் எஃப்டபிள்யூஎச்எம் (பாதிப் பிரகாசத்தில் அதன் அகலம்) 4 பிக்சலுக்கு மேல் காட்டினால் வானத்தைக் குறை சொல்ல முடியாது, நம் பக்கம்தான் எங்கோ இடிக்கிறது.

எல்லாம் வட்டமாகவே பெருத்திருந்தால் ஃபோகஸ். ஓரங்களில் மட்டும் சிறகு முளைத்தால் லென்ஸ், இந்த வகை ஜூம்களை 300-இல் முழுக்கத் திறந்தால் அப்படித்தான் வரும், எஃப்/8-க்கு இறக்குங்கள். வடக்கு தெற்காக நீண்டால் போலார் அலைன்மென்ட், அதாவது டிராக்கரின் அச்சு வானத் துருவத்துக்கு நேராக இல்லை. கிழக்கு மேற்காக நீண்டால் டிராக்கரின் கியர்: 144 பல், சுமார் 10 நிமிடத்துக்கு ஒரு சுற்று, அந்தச் சுற்றுக்குள் முன்னும் பின்னும் சில பத்து ஆர்க்செகண்ட் ஆடும். 300 மில்லிமீட்டரில் 2 நிமிடம் அதற்குத் தாங்காது. 30 விநாடிக்கு வந்து எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

ஃபோகஸுக்கு பாஹ்டினோவ் மாஸ்க் (லென்ஸின் முன் மாட்டும், கோடு கோடாக வெட்டிய மூடி) ஒன்றைக் கெட்டி அட்டையில் வெட்டிக்கொண்டால் போதும். ரிகலை லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கி, நட்சத்திரத்தில் தெரியும் மூன்று ஒளிக்கோடுகளில் நடுக்கோடு மற்ற இரண்டுக்கும் சரியாக நடுவே வரும்வரை வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். வந்ததும் ஃபோகஸ் வளையம், ஜூம் வளையம் இரண்டையும் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள், உச்சியைப் பார்த்து நிற்கும்போது ஜூம் தன் எடையிலேயே சறுக்கும்.

தேவனாம்பட்டினம் எழுதியது:
அலைன்மென்ட் பற்றி மட்டும். நம் ஊரில் துருவ நட்சத்திரம் சுமார் 12 டிகிரி உயரத்தில்தான் நிற்கும், பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியே மறைத்துவிடும். அது தெரியவில்லை என்றால் நட்சத்திரம் நழுவுவதைப் பார்த்துத் திருத்தும் டிரிஃப்ட் முறைதான். ஓரியன் பெல்ட்டின் மின்டகா வான நடுக்கோட்டிலேயே இருக்கிறது; அது தலைக்கு மேல் உச்சிக்கோட்டைக் கடக்கும் நேரத்தில் வடக்கே தெற்கே நழுவினால் டிராக்கரை இடவலமாகத் திருத்துங்கள், அப்புறம் கிழக்கில் தாழ்வாக ஒரு நட்சத்திரத்தை வைத்து மேல்கீழ் சாய்வைத் திருத்துங்கள். லேப்டாப்பை மாடிக்குக் கொண்டுபோக முடிந்தால் நினா மென்பொருளின் மூன்று புள்ளி முறை துருவம் தெரியாமலே வேலையை முடிக்கும். இன்னொன்று, கடலோர ஈரம். முன்கண்ணாடியில் பனி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே நட்சத்திரங்கள் உப்பிவிடும். பவர் பேங்கில் ஓடும் டியூ ஹீட்டர் பட்டையை ஆரம்பத்திலேயே கட்டிவிடுங்கள்.

செஞ்சி மலை எழுதியது:
அந்தச் சாய்வுக் கோடு வாக்கிங் நாய்ஸ். அலைன்மென்ட் பிசகால் படம் மெல்ல ஒரே பக்கம் நகர, சென்சாரின் நிலையான இரைச்சல் அடுக்கும்போது கோடாக இழுபடுகிறது. சில படங்களுக்கு ஒருமுறை கேமராவை ஒரு பத்து, இருபது பிக்சல் அங்கும் இங்கும் தள்ளிவிட்டு, அடுக்கும்போது விலகி நிற்கும் பிக்சல்களை ஒதுக்கும் கப்பா சிக்மா முறையைத் தேர்ந்தெடுத்தால் கோடு காணாமல் போகும்.

எஃப்/8 மட்டும் எனக்கு உடன்பாடில்லை. வெளிச்சம் பாதியாகிவிடும், முதலில் எஃப்/6.3 பாருங்கள். மங்கலான தூசியில் விவரம் தெரிய சிக்னல்தான் வேண்டும், இரைச்சலைப் பாதியாக்க நேரத்தை நான்கு மடங்காக்க வேண்டும், ஒரே இரவில் முடியாவிட்டால் இன்னும் சில இரவுகள் எடுத்துச் சேருங்கள்.

சிரிலில் டீகான்வல்யூஷனை (மழுங்கலைக் கணக்குப் போட்டு நீக்குவது) ஸ்ட்ரெச் பண்ணுவதற்கு, அதாவது மங்கலான பகுதிகளைப் பிரகாசமாக்குவதற்கு முன்பு, இரைச்சல் நீக்குவதற்கும் முன்பு போடுங்கள். பிஎஸ்எஃப்-ஐ (ஒரு புள்ளி படத்தில் எப்படிப் பரவுகிறது என்ற வடிவம்) உங்கள் நட்சத்திரங்களிலிருந்தே எடுக்கச் சொல்லுங்கள், சுற்றுகளைக் குறைவாக வையுங்கள், கறுப்பு வளையம் எட்டிப் பார்த்தால் அதற்கு முந்தைய அளவோடு நிறுத்துங்கள். ஸ்ட்ரெச் பண்ணியபின் தனி ஷார்ப்பன் போடுவதானால் மாஸ்க் வைத்து நெபுலாவின் பிரகாசமான பகுதிக்கு மட்டும். டிரபீசியத்துக்கு 5 விநாடிப் படங்களைத் தனியாக அடுக்கி நடுவில் கலந்தால்தான் அந்த நான்கு நட்சத்திரங்கள் பிரியும்.

கெடிலக்கரை எழுதியது:
பார்த்தேன், எல்லா நட்சத்திரமும் கிழக்கு மேற்காகத்தான் நீண்டிருக்கிறது. 30 விநாடிக்கு வந்தால் ரீட் நாய்ஸ் (ஒவ்வொரு படத்தையும் சென்சாரிலிருந்து படிக்கும்போது சேரும் இரைச்சல்) தின்றுவிடாதா அண்ணா?

வில்லியனூர் வானம் எழுதியது:
கிழக்கு மேற்கு என்றால் கியர்தான். ஊருக்குள் வானமே வெளிச்சம், அதனால் ரீட் நாய்ஸ் சீக்கிரம் அடங்கிவிடும். ஐஎஸ்ஓ 1600 வைத்து, கேமராத் திரையில் ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) இடது ஓரத்தை விட்டுத் தெளிவாக விலகி நிற்கிறதா பாருங்கள். நின்றால் 30 விநாடி போதும், ஒட்டிக்கொண்டிருந்தால் 45 வைத்து, நீண்டவற்றை அடுக்கும்போது தள்ளிவிடுங்கள்.