கொழும்பில் குக்கீஸுக்குச் சொக்கலேட் தோய்ப்பது: புதிதாகக் குடிவந்த சகோதரிக்கு

கோயம்புத்தூரிலிருந்து வெள்ளவத்தைக்குக் குடிவந்திருக்கும் சகோதரிக்கு வணக்கம். உருக்கிய சொக்கலேட் குக்கீஸில் திட்டுத்திட்டாக ஒட்டியது என்றும், இளக்குவதற்குச் சிறிது பால் விட்டதும் மொத்தமும் மணல்போலத் திரண்டுவிட்டது என்றும் எழுதியிருந்தீர்கள். கொழும்பில் பல ஆண்டுகளாக நத்தாருக்கும் (கிறிஸ்துமஸ்) தீபாவளிக்கும் வீட்டிலேயே குக்கீஸ் செய்து கொடுத்து வருபவள் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பால். சொக்கலேட்டில் சீனித்துகளும் கொக்கோத்துகளும் கொழுப்புக்குள் பரவி நிற்கின்றன. சிறிதளவு நீர் சேர்ந்தாலும் சீனி ஈரமாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால்தான் அது கட்டிபடுகிறது. பட்டரிலும் ஏறத்தாழ 16 வீதம் நீர் இருப்பதால் அதையும் சேர்க்க வேண்டாம். ஆவியும் நீர்தான். கொதிநீர்ப் பாத்திரத்தின் வாயைவிடச் சிறிய கிண்ணத்தை வைத்து உருக்கியபோது, விளிம்பைச் சுற்றி எழுந்த ஆவி உள்ளே இறங்கி, அரைக் கிலோ சொக்கலேட்டும் என் கண்முன்னே இறுகிப்போனது. கிண்ணம் பாத்திரத்தை முழுவதும் மூடியிருக்க வேண்டும். நீர் சூடானதும் அடுப்பை அணைத்துவிடுங்கள், ஏனெனில் சூடு மிஞ்சினாலும் சொக்கலேட் தடித்துவிடும்.

இளக்குவதற்கு வேண்டியது கொழுப்பு. எந்தக் கொழுப்பு என்பது உங்கள் கையிலிருக்கும் சொக்கலேட்டைப் பொறுத்தது; ஆகவே பொதியின் பின்புறத்தைக் கட்டாயம் வாசியுங்கள். கொக்கோ பட்டருக்கு, அதாவது கொக்கோ விதையின் கொழுப்புக்குப் பதிலாகப் பாம் கேர்னல் போன்ற தாவரக் கொழுப்பு என்றிருந்தால் அது கொம்பவுண்ட் எனப்படும் சொக்கலேட். அதற்குத் தேங்காயெண்ணெய் நன்றாகப் பொருந்தும். ஆனால் இங்கேதான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். தேங்காயெண்ணெய் உறைவது 24 பாகை செல்சியஸ் அளவில். கொழும்பில் வீட்டுக்குள் இரவில்கூட வெப்பம் பெரும்பாலும் அதற்குக் கீழே இறங்குவதில்லை. குளிர்நாட்டுச் செய்முறைகளைப் பார்த்துத் தாராளமாக ஊற்றினால், மறுநாள் காலையிலும் பூச்சு விரலில் ஒட்டிக்கொண்டே இருக்கும். 100 கிராமுக்கு அரைத் தேக்கரண்டியில் தொடங்குங்கள், ஒரு தேக்கரண்டியைத் தாண்டாதீர்கள். கரண்டியைத் தூக்கினால் நாடாபோல இறங்கி, விழுந்த தடம் சில நொடிகளில் மறைந்துவிடுகிறது என்றால் பதம் சரி. தேங்காய் வாசம் பிடிக்காதவர்கள் சுத்திகரித்த எண்ணெயைப் பயன்படுத்தலாம்.

கொக்கோ பட்டர் உள்ள உண்மையான சொக்கலேட்டுக்குக் கொக்கோ பட்டரையே சிறிதளவு சேர்ப்பதுதான் முறை. தேங்காயெண்ணெய் அதன் இறுக்கத்தைக் குலைத்துவிடும். நன்றாக இறுகுவதற்குக் கருஞ்சொக்கலேட்டை 45 முதல் 50 பாகை வரை உருக்கி, 27 அல்லது 28க்கு ஆறவைத்து, மீண்டும் 31 அல்லது 32க்குக் கொண்டுவர வேண்டும். சமையலறையே 30 பாகையில் இருக்கும் நகரத்தில் குளிரூட்டிய அறை இல்லாமல் இது பெரும்பாடு; புதிதாகப் பழகுபவர்கள் கொம்பவுண்டில் தொடங்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. சொக்கலேட் சிப்ஸ் மட்டும் வேண்டாம்: பேக் செய்யும்போது உருக்குலையாதிருக்கக் கொழுப்பைக் குறைத்தே பெரும்பாலும் அதைச் செய்கிறார்கள்.

தோய்த்தவற்றைப் பிரிட்ஜில் பத்து நிமிடம் வைத்தால் இறுகிவிடும், ஆனால் அப்படியே வெளியே எடுத்தால் இங்குள்ள ஈரக்காற்றில், அதிலும் ஐப்பசி மழைக்காலத்தில், உடனே வியர்த்து, காய்ந்தபின் வெண்புள்ளி விழும். காற்றுப் புகாத டப்பாவில் அடைத்தே உள்ளே வையுங்கள். வெளியே எடுத்தபின் டப்பா அறைச்சூட்டுக்கு வரும்வரை மூடியைத் திறக்காதீர்கள்.

திரண்டுபோன அந்தச் சொக்கலேட்டை எறிந்துவிடாதீர்கள். சூடான பாலை இன்னும் சிறிது சிறிதாக விட்டுக் கலக்கினால் மீண்டும் வழவழப்பாகிவிடும். தோய்ப்பதற்கு உதவாது, ஆனால் பிள்ளைகளுக்கு ஐஸ்கிறீமின் மேல் ஊற்றிக் கொடுக்கலாம்.