புதுப்பிப்பு: காஞ்சு கல்லான பாலிஷிங் பேட் சரியாயிடுச்சு

கார் பாலிஷ் மிஷின்ல மாட்டற ஃபோம் பேட்ல காம்பவுண்ட் (பெயின்ட்ட தேச்சு பளபளப்பாக்கற பேஸ்ட்) காஞ்சு, பேட் கல்லு மாதிரி ஆயிடுச்சு, எப்படி கிளீன் பண்றதுன்னு கேட்டிருந்தேன்ல, பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

வேலை செஞ்சது வெதுவெதுப்பான தண்ணில ஆல் பர்ப்பஸ் கிளீனர் கொஞ்சம் கலந்து ஊற வைங்கன்னு ஒருத்தர் சொன்ன யோசனைதான். வெறும் சோப்பு போட்டு தேச்சப்போ மேல மட்டும்தான் போச்சு, ஊற வெச்சு அமுக்கினதும் உள்ள இருந்து வெள்ளை வெள்ளையா பால் மாதிரி வந்துச்சு, தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் அலசி, முறுக்காம உள்ளங்கையால அமுக்கியே பிழிஞ்சேன். அப்புறம் மிஷின்ல மாட்டி, காலி பக்கெட்டுக்குள்ள ஸ்லோ ஸ்பீட்ல சுத்த விட்டு மிச்ச தண்ணிய எடுத்துட்டு, ஃபோம் பக்கம் கீழ இருக்கற மாதிரி நிழல்ல காய வெச்சேன், தண்ணி வெல்க்ரோ பக்கம் இறங்கி பசை ஊறக் கூடாதுல்ல.

எதிர்பார்க்காத விஷயம், ஒரு பேட்ல அழுக்கெல்லாம் போயும் நடுவுல அமுக்கினா குழி அப்படியே நிக்குது, வெல்க்ரோ ஓரமும் லேசா பிரியுது. அது பாலிஷ் பண்றப்போ வர்ற சூட்டுல போனது, கழுவி மீட்க முடியாது, தூக்கிப் போட்டுட்டேன்.

இப்போல்லாம் கார்ல கதவு, பானெட்னு ஒவ்வொரு பேனல் முடிஞ்சதும் பேட்ட பிரஷ்ஷால ஒரு தடவ தேச்சு விட்டுடறேன், காம்பவுண்ட் காயவே விடறதில்ல. கம்பளி பேட் வெச்சிருக்கறவங்க இத அப்படியே செய்யாதீங்க, அதுக்கு ஸ்பர் (பல் சக்கரம் வெச்ச பேட் கிளீனிங் கருவி) போடறது, இல்லைன்னா ஏர் அடிக்கறதுதான் நல்லது.