மலை ஓட்டம்: மனதை விட்டுப் போகாத ஒரு நிமிடம்

உப்புவெளி ஓட்டம்:
நுவரெலியாப் பக்கம் 50 கிலோமீட்டர் மலை ஓட்டம் ஓடினேன். கடற்கரையில் ஓடிப் பழகிய உடம்பு. முப்பதாவது கிலோமீட்டரில் மழை. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஆறேழு பாகை குறையும் என்று படித்திருந்தேன், ஆனால் ஈரச் சட்டையோடு காற்றில் நின்றதில்லை. விரல் மடங்கவில்லை. போத்தல் மூடியைக்கூடத் திறக்க முடியவில்லை. தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, ஈரம் படாமல் இடுப்பில் கட்டும் படங்கை அவிழ்த்து என் தோளில் போர்த்தி, "நிக்காதீங்க தம்பி, நடந்துகிட்டே இருங்க" என்றார். அடுத்த உதவி நிலையம் எட்டுக் கிலோமீட்டர் தள்ளி. படங்கைத் திருப்பிக் கொடுக்காமலே வந்துவிட்டேன்.

சாம்பல்தீவு அக்கா:
தம்பி, இன்னொரு ஓட்டத்துக்கு மறுநாள் நான் தோட்டத்துச் சொந்தக்காரர் லயக் குடியிருப்பில் நின்றேன். தேயிலைச் செடிக்குள் ஓடியவர்கள் சாப்பிட்டுப் போட்ட ஜெல் பாக்கெட்டுகளைப் பெண்கள் ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்கள், கொழுந்தோடு போய்விடும் என்று. பறித்த கொழுந்து கிலோ குறைந்ததால் மச்சாளுக்கு அன்று அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். இப்படி ஓட்டம் எதற்கு?

நிலாவெளி மாஸ்டர்:
அக்கா, ஓட்டமே வேண்டாம் என்பதை நான் ஏற்கமாட்டேன். நானும் ஒருமுறை உதவி நிலையத்தில் நின்று, நேரம் கடந்து வந்த பொடியன் ஒருவனை நிறுத்தினேன். அழுதான். அடுத்த ஏற்றத்தில் மூடுபனி, விட்டிருக்க முடியாது.

2021 மே மாதம் சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் 21 பேர் குளிரில் இறந்தார்கள். காற்றுத் தடுப்புச் சட்டை அங்கே கட்டாயமாக இருக்கவில்லை. ஐரோப்பாவில் 2003 முதல் நடக்கும் மோன் பிளாங்க் மலை ஓட்டத்தில் மழைச் சட்டை இல்லாமல் தொடக்கக் கோட்டுக்கே வர முடியாது. இங்கே மலையகத்தில் ஓட்டம் நடத்துபவர்களும் பையைத் திறந்து பார்த்துத்தான் அனுப்ப வேண்டும். புதிதாகத் தொடங்கும் ஓட்டம் என்றால் முதல் வருஷம் நூறு பேர் போதும். புதுப் பாதை வெட்டக் கூடாது. மலையகத்து நடைபாதையான பீக்கோ பாதை 300 கிலோமீட்டருக்கு மேல் ஏற்கனவே தோட்டங்களுக்குள்ளால் போகிறது. நக்கிள்ஸ் மலைத்தொடர் 2010 முதல் உலக மரபுரிமைக் காடு, அங்கே இன்னும் கவனம் வேண்டும். மண்சரிவு அபாயமுள்ள மாதங்களில் திகதியே வைக்காதீர்கள். அப்புறம், உதவி நிலையத்தைத் தோட்டத்து ஆட்களிடமே சம்பளத்தோடு கொடுங்கள். பொறுக்குவதற்கும் கூலி, அரைப்பேர் அல்ல, முழுப்பேர்.

சாம்பல்தீவு அக்கா:
கடைசியில் சொன்னீர்களே, அதை முதலில் செய்யட்டும். மற்றதைப் பிறகு கதைப்போம்.

உப்புவெளி ஓட்டம்:
புதுப் படங்கு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். தோட்டம் தெரியும், அந்த அம்மாவின் பெயர் தெரியாது. பொங்கலுக்குப் பிறகு பஸ் ஏறுகிறேன்.