அஸ்பாரகஸ் வந்து கோக்காவை விரட்டியதாம்!

கொங்கன்: பொதிகை வேறொரு இழையில் எழுதியதைப் படித்து எரிச்சல் தாங்காமல் இதைத் திறக்கிறேன். கொக்கெயின் போதைக்கு இலை தரும் கோக்காச் செடியை விவசாயிகள் கைவிடட்டும் என்று 1991இல் அமெரிக்கா பெரு, கொலம்பியா, பொலிவியா, எக்வடார் நாடுகளுக்கு இறக்குமதி வரியை எடுத்ததாம், உடனே பெரு விவசாயி கோக்காவைப் பிடுங்கிவிட்டு அஸ்பாரகஸ் என்ற தண்டுக் காயை நட்டானாம். ஐயா, அஸ்பாரகஸ் விளைவது பெருவின் ஈகாவில். கடலோரப் பாலைவனம், மணலில் சொட்டுநீர் விட்டு வளர்க்கிறார்கள். போதைக்குப் போகும் கோக்கா அப்போது விளைந்தது ஆண்டிஸ் மலைக்கு அந்தப் பக்கம், மேல் உவாயாகா பள்ளத்தாக்கின் ஈரச் சரிவுகளில். ஈகாவில் எந்த வயலில் கோக்காவைப் பிடுங்கினார்கள்? ஒரு வயலைக் காட்டுங்கள்.

பொதிகை: வரைபடம் எனக்கும் பார்க்கத் தெரியும். பெருவில் 1995இல் 1,15,300 ஹெக்டேர் கோக்கா. 1999இல் 38,700. சலுகை இருந்த காலத்தில்தானே இது நடந்தது?

கொங்கன்: அந்தக் காலத்தில்தான் பெரு அதிபர் ஃபுஜிமோரியின் அரசு கொலம்பியாவுக்குக் கோக்காப் பசை ஏற்றிப்போன சிறு விமானங்களைச் சுட்டு வீழ்த்தியது. வாங்க ஆள் வரவில்லை, இலை விலை படுத்தது, தோட்டத்தை அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள். சாகுபடி கொலம்பியாவுக்கு இடம் மாறியது. ஐ.நா. கணக்கில் 2000இல் அங்கே 1,63,000 ஹெக்டேர். கொலம்பியாவுக்கும் அதே சலுகைதான். ஈகா வயல் என்ன ஆயிற்று?

வைகைக்கரை: வயல், வயல் என்றே கத்துகிறீர்கள். ஆளைப் பாருங்கள். ஈகா பண்ணைகளில் கூலிக்கு வருகிறவர்களில் எத்தனையோ பேர் உவாங்காவெலிகா, அயாகூச்சோ மலைக்காரர்கள். இந்த வேலை இல்லையென்றால் அவர்களில் சிலர் கோக்கா இலை பறிக்கக் கிழக்கே இறங்கியிருப்பார்கள். செடி இடம் மாற வேண்டியதில்லை, கை மாறினால் போதும்.

கொங்கன்: "இறங்கியிருப்பார்கள்" என்பது யூகம். நான் வயல் கேட்டேன்.

செம்பருத்தி: இதில் அடி வாங்கியவர்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1990களின் தொடக்கத்தில் 30,000 ஏக்கருக்கு மேல் அஸ்பாரகஸ் இருந்தது. அடுத்த பதினைந்து, இருபது வருடத்தில் 10,000க்கும் கீழே போய்விட்டது. பெரு அஸ்பாரகஸுக்கு இருந்த வரி ஒரே கையெழுத்தில் போனது. அங்கே டேட்டன் ஊரில் காய்களை டப்பாவில் அடைக்கும் ஆலை 2005இல் அஸ்பாரகஸை நிறுத்தியது, அந்த வேலை பெருவுக்குப் போனது. பிறகு 2008 விவசாயச் சட்டத்தில் நஷ்ட ஈடாக 1.5 கோடி டாலர் ஒதுக்கினார்கள். ஆலையே போன பிறகு அந்தப் பணத்தை வைத்து என்ன செய்வது?

பொதிகை: அதற்குக் கூலியும் காரணம் அம்மா. தண்டு தண்டாகக் குனிந்து மண்ணுக்குள் கத்தி விட்டு அறுக்க வேண்டிய பயிர், இயந்திரம் சரிவரவில்லை. வாஷிங்டனின் குறைந்தபட்சக் கூலியோ அந்த நாட்டிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்று. சலுகை இல்லாவிட்டாலும் தேய்ந்திருக்கும். கொங்கனுக்கு வாஷிங்டன் மேல் அக்கறை எதுவும் இல்லை. கரூர்க்காரர், பாகிஸ்தான் கோபத்தை இங்கே கொட்டுகிறார்.

கொங்கன்: கொட்டத்தான் செய்வேன், உரிமை இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் "போதை ஒழிப்பு" என்று சொல்லி பாகிஸ்தான் துணிக்கு வரியை அடியோடு எடுத்தது. கரூர் படுக்கை விரிப்புக்கு 9.6 சதவீதம். ஒரே நூல், ஒரே அகலம், அதே ஜெர்மன் வியாபாரி. 2001இல் பாகிஸ்தானில் அபின் தரும் கசகசாச் செடி சில நூறு ஹெக்டேர்தான். ஒழிந்த பயிரை ஒழிக்கவா சலுகை? இந்தியா உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டு 2004இல் ஜெயித்தது. இது தெரியாமல் பேச வராதீர்கள்.

வைகைக்கரை: ஆப்கன் அபின் கடந்து போகும் பாதை பாகிஸ்தான். சலுகை பயிருக்கு மட்டும் என்று யார் சொன்னது?

பொதிகை: அவரிடம் கேட்டுப் பயனில்லை. சர்க்கரை மானிய இழையிலும் பதில் சொல்லாமல் ஓடியவர்தானே.

கொங்கன்: ஓடவில்லை. நடுவர் இழையைப் பூட்டினார். ஏன் பூட்டினார் என்பது உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஈகா வயலை இன்னும் காட்டவில்லை. சரி, பொலிவியாவுக்கு வாருங்கள். அந்நாட்டு அதிபர் மொராலெஸ் அமெரிக்கத் தூதரை வெளியேற்றிய 2008லேயே புஷ் அரசு அந்தச் சலுகையை நிறுத்தியது. அங்கே எல் ஆல்ட்டோ நகரின் துணித் தொழிலாளிகள் தவித்தார்கள். கோக்கா கூடியதா? ஐ.நா. கணக்கில் 2010இல் 31,000 ஹெக்டேர், 2014இல் 20,400. சலுகை போன பிறகு குறைந்திருக்கிறது!

பொதிகை: 2008க்கும் 2010க்கும் நடுவில் என்ன ஆனது என்பதை நைசாகத் தாண்டிவிட்டீர்கள். அப்புறம், சப்பாரே பகுதியில் குடும்பத்துக்கு ஒரு காட்டோ, அதாவது 1,600 சதுர மீட்டர், கோக்கா போட அரசே அனுமதி கொடுத்து வைத்திருந்தது. அதை ஒழிப்புக் கணக்கில் சேர்ப்பீர்களா, மாட்டீர்களா?

கொங்கன்: சேர்ப்பேன். அந்த 20,400இல் காட்டோவும் அடக்கம். படித்துவிட்டு வாருங்கள்.