வேன் ஓடியும் லித்தியம் பேட்டரி ஏறவில்லை: டிசி-டிசி சார்ஜர் 30 ஆம்பியரா, 50 ஆம்பியரா?

செங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். 2021 மாடல் பிஎஸ்6 டீசல் வேனைத் தங்கும் வண்டியாக மாற்றியிருக்கிறோம். ஆல்டர்னேட்டர் (எஞ்சின் சுற்றும்போது கரண்ட் தருவது) 90 ஆம்பியர். உள்ளே 12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி, மேலே 200 வாட் சோலார்.

ஜூன் முதல் இதே தொல்லைதான். ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூர் போய்த் திரும்பினாலும் சார்ஜ் 40 சதவீதத்திலிருந்து 48-க்குத்தான் வருகிறது. சாரல் காலத்தில் சோலாரை நம்ப முடியாது. அம்மாவின் இன்சுலின் இந்தப் பேட்டரியில் ஓடும் ஃபிரிட்ஜில் இருப்பதால் இரவில் பயமாக இருக்கிறது.

இப்போது இருப்பது, வண்டியின் பேட்டரியையும் லித்தியத்தையும் வோல்டேஜ் பார்த்து இணைக்கும் ரிலே (தானாக இயங்கும் சுவிட்ச்). அதையே ஒருமுறை புதிதாக மாற்றிவிட்டேன். எர்த்தைச் சுரண்டி இறுக்கினேன், 4 மீட்டர் ஒயரை 25 சதுர மி.மீ. ஆக்கினேன். மாற்றமில்லை. வீட்டுக் கரண்டில் லித்தியம் சார்ஜர் போட்டால் முழுதாக ஏறுகிறது, அதனால் பேட்டரி நல்லதுதான். மீட்டர் வைத்துப் பார்த்தேன்: ஸ்டார்ட் செய்ததும் 14.2 வோல்ட், சில நிமிடத்தில் 13.3, மலை இறங்கும்போது மட்டும் மறுபடி ஏற்றம். வண்டியின் கம்ப்யூட்டர் ஆல்டர்னேட்டரைக் குறைத்துவிடுகிறது, லித்தியம் சரியாக ஏற சுமார் 14.2 வோல்ட் வேண்டும், ரிலேயால் அதை உயர்த்தித் தர முடியாது. சரி, வோல்டேஜை உயர்த்தி லித்தியத்துக்குத் தரும் டிசி-டிசி சார்ஜர்தான் வழி என்று முடிவு செய்துவிட்டேன். சாவி போட்டிருக்கும்போது மட்டும் அது இயங்க இக்னிஷன் ஒயரும் இழுத்து வைத்தாயிற்று.

தென்காசியில் ஒருவர் 30 ஆம்பியர் போதும் என்கிறார், புனலூரில் ஒருவர் 50 போடச் சொல்கிறார். ஒரு இரவுக்கு எங்கள் செலவு சுமார் 50 ஆம்பியர்-அவர். இரண்டு மணி நேரம் ஓட்டினால் 30-லேயே அது ஈடாகிவிடும் என்பது என் கணக்கு. ஆனால் ஓட்டம் குறைவான நாளும் உண்டு.

மலையில் இரண்டாவது கியரில் ஊர்ந்து ஏறும்போது, 90 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் 50 ஆம்பியர் சார்ஜரைச் சூடேறாமல் தாங்குமா?