குசினி பிரிண்டருக்கு நிலையான ஐபியா, ரவுட்டரில் ஒதுக்கீடா?

காத்தான்குடி_கொத்து:
ஸலாமும் வணக்கமும். எங்கள் சாப்பாட்டுக்கடையில் கெஷியர் மேசையில் ஒரு பில் பிரிண்டர், குசினியில் ஒன்று. குசினிப் பிரிண்டர் கேபிளில் ரவுட்டருக்குப் போகிறது. பூட்டிய பொடியன் ஐபி (நெட்வேர்க்கில் அதன் முகவரி எண்) 192.168.1.100 என்று எழுதித் தந்திருந்தான். வெள்ளி இரவு கரண்ட் போய் வந்த பிறகு அதில் ஒரு துண்டும் வரவில்லை. கேபிள் செருகிய இடத்தில் பச்சை லைட் எரிகிறது, கொம்பியூட்டரில் பிங் பண்ணினால் (அந்த எண்ணில் ஆள் இருக்கிறதா என்று கேட்டால்) பதில்கூட வருகிறது, ஆனால் அடிக்காது. அன்று முழுக்க கொத்துச் சத்தத்துக்கு மேலே ஓடரைக் கத்திக் கத்தியே சொன்னோம்.

கல்முனை_வயர்மேன்:
தம்பி, பிரிண்டரை நிறுத்திவிட்டு அதே 100க்குப் பிங் பண்ணிப் பாருங்க.

காத்தான்குடி_கொத்து:
பிளக்கையே கழற்றிவிட்டேன் காக்கா. இன்னும் பதில் வருகிறது! பேய் வீடா இது?

கல்முனை_வயர்மேன்:
பேய் இல்லை, யாரோ ஒருவருடைய போன். உங்கள் ரவுட்டர் 100இலிருந்து 199 வரை தானாகக் கொடுக்கும்படி இருக்கும், பாருங்க. அந்தப் பொடியன் அதற்குள்ளேயே 100ஐப் பிரிண்டருக்குக் கையால் போட்டிருக்கிறான். ரவுட்டருக்கு அது தெரியாது. கரண்ட் வந்ததும் ரவுட்டர் முதலில் எழும்பியிருக்கும், குசினியில் சுவிட்ச் போடப் பிந்தியிருக்கும். இடையில் வைஃபையில் வந்த போனுக்கு 100ஐத் தூக்கிக் கொடுத்துவிட்டது.
பிரிண்டரை 192.168.1.20க்கு மாற்றுங்க, மாஸ்க் 255.255.255.0. கதை முடிந்தது. பத்து வருடமாக நான் பூட்டுவது இப்படித்தான்.

பாடும்மீன்:
முடியவில்லை அண்ணா. நாளைக்கு வேறொருவர் வந்து சீசீடீவி ரெக்கோடருக்கும் 20ஐப் போட்டால்? பிரிண்டரை டிஎச்சிபியில், அதாவது ரவுட்டர் தானாக ஐபி கொடுக்கும் முறையில், விடுங்கள். அதன் மேக் அட்ரஸை (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) ரவுட்டரின் செட்டிங் பக்கத்தில் பதிந்து, இன்ன பெட்டிக்கு இன்ன ஐபி என்று ஒதுக்கிவிட்டால் போதும். எல்லாம் ஒரே இடத்தில் தெரியும். கருவி கருவியாகப் போய் எண் எழுதும் வேலையைக் குறைக்கத்தான் 1993இலேயே டிஎச்சிபி வந்தது.

கல்முனை_வயர்மேன்:
மாரி மழையில் மின்னலடித்து ரவுட்டர் போனால் உங்கள் ஒதுக்கீடும் அதோடு போய்விடும் தங்கச்சி. புதுப் பெட்டி வரும், பட்டியல் வராது. பில் அடிக்க இன்டர்நெட்டே தேவையில்லை. கையால் போட்டிருந்தால் ரவுட்டருக்குப் பதில் ஒரு சாதாரண நெட்வேர்க் சுவிட்சில் செருகினாலும் அடிக்கும்.

பாடும்மீன்:
கெஷியர் கொம்பியூட்டருக்கும் கையால் போட்டிருந்தால் மட்டும். அது டிஎச்சிபியில் இருந்தால் 169.254 என்று ஒரு எண்ணைத் தானே எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், பிரிண்டரைக் காணாது. பாதி கையால், பாதி தானாக என்று விடுவதுதான் ஆபத்து.
இன்னொன்று. புது ரவுட்டர் 192.168.8.1 என்று வந்தால்? மட்டக்களப்பு டவுனில் ஒரு அலுவலகத்தில் இது நடந்தது. கையால் போட்ட ஏழு கருவியும் பழைய 192.168.1 வரிசையிலேயே நின்றன. ஒவ்வொன்றாகத் தேடித் திரிந்தோம், ஒன்று அலுமாரிக்குப் பின்னால்.

கல்முனை_வயர்மேன்:
ஏழு கருவியையும் ஏன் மாற்றினீர்கள்? புது ரவுட்டரின் எண்ணைப் பழையபடி 192.168.1.1 ஆக்கியிருந்தால் எல்லாம் இருந்த இடத்திலேயே ஓடியிருக்கும்.

பாடும்மீன்:
சரி, அது உண்மை. அன்று தோன்றவில்லை. ஆனால் நிறுவனம் தந்த சில ரவுட்டர்களில் அந்தப் பக்கத்துக்குள்ளேயே நம்மை விடமாட்டார்கள்.

கல்முனை_வயர்மேன்:
விடாவிட்டால் நீங்கள் எப்படி ஒதுக்குவீர்கள்?

காத்தான்குடி_கொத்து:
நீங்கள் இரண்டு பேரும் சண்டை பிடியுங்கள், எனக்கு இரவு ஏழு மணிக்குக் கடை நிரம்பும். 20க்கு எப்படி மாற்றுவது?

பாடும்மீன்:
பிரிண்டரை நிறுத்தி, பேப்பர் தள்ளும் பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டே போடுங்கள். பெரும்பாலான பிரிண்டர்கள் தங்கள் ஐபியோடு ஒரு துண்டு அடித்துத் தரும். அதில் 100 என்றே இருந்தால், அந்தப் போன் குறுக்கே வராமல் வைஃபையை நிறுத்திவிட்டு, பிரிண்டரோடு வந்த செட்டிங் மென்பொருளில் மாற்றலாம். 192.168.123.100 என்று இருந்தால் அது ரீசெட் ஆகியிருக்கிறது. சில மலிவுப் பிரிண்டர்கள் கடையிலிருந்து வரும்போதே அந்த எண்ணோடுதான் வரும். அப்படியென்றால் கொம்பியூட்டருக்குத் தற்காலிகமாக 192.168.123.5 கொடுத்தால்தான் பிரிண்டரோடு பேச முடியும்.
எப்படி மாற்றினாலும் விண்டோஸில் பிரிண்டர் போர்ட்டிலும் (எந்த ஐபிக்கு அனுப்புவது என்ற செட்டிங்) புது ஐபியைப் போட வேண்டும். போர்ட் எண் 9100, அதை அப்படியே விடுங்கள். நிறையப் பேர் இதைத்தான் மறக்கிறார்கள்.

காத்தான்குடி_கொத்து:
துண்டில் 100 என்றுதான் வந்தது. 20 ஆக்கினேன். அடிக்கவில்லை. பிறகு அக்கா சொன்ன போர்ட்டைப் பார்த்தால் அங்கே பழைய 100. மாற்றியதும் முதல் துண்டு வந்தது: இரண்டு கோழிக்கொத்து, ஒரு பிளேன்டீ. ரவுட்டரையும் திறந்து பார்த்தேன், காக்கா சொன்ன அதே 100-199தான். அந்தப் போன் எங்கள் ரொட்டி மாஸ்டருடையது!

கல்முனை_வயர்மேன்:
பார்த்தீங்களா, 20தான் வேலை செய்தது. ஒரு ஸ்டிக்கரில் எழுதி பிரிண்டரில் ஒட்டுங்க, மேலே செலோடேப்பும். குசினி எண்ணெய் ஏறினால் 20 எது, 26 எது என்று தெரியாது.

பாடும்மீன்:
ரவுட்டரில் எழுதினால் எண்ணெய் ஏறாது அண்ணா.